வீட்டுக்கு அடியில் கிடக்கும் சில்லு

ஐப்பசி, செவ்வாய். விடாத தூறல்.

இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியது வாழவந்திக்கு முதல் பஸ் வந்த வருஷம். காப்பிச் செடியில் பூச்சி விழுந்து எஸ்டேட்டில் பாதிப் பேரை நிறுத்தியதும் அப்போதுதான். மகன் முருகேசன் அவன் அம்மா வயிற்றில். பள்ளிக்கூடம் பார்க்காதவனுக்கு வருஷக் கணக்கு இப்படித்தான். எழுத்துக் கூட்டக் கற்றதே முதியோர் வகுப்பில்.

இன்று வாசலுக்கு வந்தார், மலையில் பழைய கல் தேடித் திரியும் சேலத்து டீச்சர். மரத்தடிப் பிள்ளையார் முன்னால் கிடக்கும் வழவழப்புக் கல்லெல்லாம் ஆதி மனுஷன் செய்த கோடாரியாம்.

"அங்க இருக்கறது செஞ்சு முடிச்ச கல்லு ஐயா. செஞ்ச இடம் பக்கத்துலதான் இருக்கணும். ஒரு கரும்பாறை, சுத்திலும் சில்லு, பாதியில உடைஞ்ச கல்லு... பார்த்திருக்கீங்களா?"

"இல்லீங்க டீச்சர்."

பொய். பாறையை உடைத்துத்தான் சுவர். சில்லை வாரித்தான் அஸ்திவாரத்தில் கொட்டினோம். வழவழவென்று இருந்த நாலைந்து மட்டும் பிள்ளையாருக்கு.

புதன். வெயில். முழங்கால் வலி. கோழி ஒன்றைக் காணோம்.

திங்கட்கிழமை பட்டாவுக்கு அளக்க வருகிறார்கள். இத்தனை வருஷம் பட்டா இல்லாத வீடு.

முருகேசன்: "கல்லு கில்லுன்னு எதையும் சொல்லிப் போடாதீங்கப்பா. பழைய எடம்னு வேலி போட்டுட்டா ஊடு போச்சு. பட்டா வரட்டும், அப்புறம் ஊட்டையே தோண்டிக் காட்டுங்க."

மருமகள் செல்வி: "அடுப்பை மட்டும் உட்டுருங்க மாமா."

சிரித்தார்கள். அந்த டீச்சர் செருப்பு அறுந்து ஓடை ஓடையாகத் தேடுகிறார். கோடாரி செய்தவன் குந்திக் கல் தட்டிய இடத்தில்தான் நான் குந்திப் பல் விளக்குகிறேன். அவனுக்கு யார் பட்டா கொடுத்தார்கள்?

வியாழன். பனிமூட்டம். ஒண்டிக்கடை முக்கில் வாங்கியது: சர்க்கரை, தைலம்.

பஸ்ஸுக்கு நின்ற டீச்சர் டீ வாங்கிக் கொடுத்தார்.

"உங்ககூட அந்தக் காலத்துல வேலை செஞ்சவங்க யாராவது இருக்காங்களா ஐயா?"

"எல்லாரும் போய்ச் சேர்ந்துட்டாங்க கண்ணு."

"கரடியூர்ல ஒரு அம்மா இருக்காங்களாமே. கல்லுச் சில்லு கையைக் கிழிச்சதாம். நாளைக்குப் போறேன்."

பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டார். டீ அப்படியே கையில்.

தோண்டியவர்கள்: அண்ணன் சின்னப்பன், போய்விட்டார். பாறை உடைத்த ஆறுமுகம், போய்விட்டான். என் வீட்டுக்காரி, போய்விட்டாள். கூடை சுமந்து உள்ளங்கை கிழிந்து, இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கையை விரித்துக் காட்டுகிறவள் ஒருத்தி இருக்கிறாள். பொய் சொல்ல வராது அவளுக்கு. என் தங்கை காளியம்மா.