அம்மாவின் இ-சிம்

ஜூலை 14, செவ்வாய்

அம்மாவிடமிருந்து இன்றும் ஒன்றும் வரவில்லை. பார்படோஸ் தீவில் ஒரு வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போயிருக்கிறாள். போய் இறங்கியதும் விமான நிலையத்து வைஃபையில், "வந்து சேந்துட்டேன் தங்கம்" என்று குரல் பதிவு அனுப்பினாள். அதோடு சரி.

சாப்பிடும்போது அப்பா, "கடல் தண்ணி டவருக்குள்ள போயிருச்சோ என்னமோ" என்றார். நான் சிரிக்கவில்லை. "நீ போட்டுக் குடுத்த சிம்முதானே, தப்பு வராது" என்றார்.

அதுதான் உறுத்துகிறது. வெளிநாட்டில் நெட் கிடைக்க ஆன்லைனில் வாங்கிய இ-சிம்மை அம்மாவின் ஃபோனில் ஏற்றியது நான். "ரோமிங்கை மட்டும் ஆன் பண்ணிராதம்மா, காசு போயிரும்" என்று படித்துப் படித்துச் சொன்னதும் நான். கேரள எல்லையில் இருக்கும் எங்கள் கம்பம்மெட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். வீட்டின் பின்பக்கம் போனாலே ஃபோன் தமிழ்நாட்டு டவரைப் பிடித்துக்கொள்ளும். முன்பு அதற்குத் தனியாகக் காசு பிடிப்பார்களாம்.

இ-சிம் விற்றவர்கள் அனுப்பிய மின்னஞ்சலை இன்று மாலைதான் முழுதாகப் படித்தேன். ரோமிங் ஆனில் இருந்தால்தான் அதில் நெட் வரும். பாடப்புத்தகத்தில் அடிக்குறிப்பைக்கூட விடாமல் படிக்கிறவள் நான்.

அம்மா என் பேச்சைத் தட்டமாட்டாள். புது வீட்டில் வைஃபை பாஸ்வேர்டு கேட்கவும் கூச்சப்படுவாள். அம்மாவை வேலைக்கு அனுப்பிய ஏஜெண்டிடம் அந்த வீட்டு ஃபோன் எண்ணை வாங்கலாம். அதற்கு முதலில் அப்பாவிடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். அவர் தூங்கிவிட்டார்.

அங்கே இப்போது நடுப்பகல். "ரோமிங்கை ஆன் பண்ணும்மா" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒற்றை டிக்கிலேயே நிற்கிறது. அதை அம்மா படிக்க வேண்டுமென்றால், முதலில் ரோமிங்கை ஆன் பண்ணியிருக்க வேண்டும்.