நான்கு மணிக்கு விடியும் தொட்டி

ப்ளோவ்திவ், ஜனவரி 6

அன்புள்ள காலோயன்,

நானும் அப்பாவும் நலம். ஹாலிஃபாக்ஸில் பனி முழங்கால் வரை என்று செய்தியில் பார்த்ததிலிருந்து உன் நலம் பற்றித்தான் யோசனை. முதலில் ஒரு கேள்வி. எனக்கு விடை தெரியாது, அதனால் உன்னைக் கேட்கிறேன். நம் வீட்டு மீன்களுக்கு இப்போது மணி என்ன? இன்று மதியம் அவரைக்கொட்டை சூப்பைக் குடித்துக்கொண்டே அப்பா இதைக் கேட்டார். "இதுங்க எல்லாம் எந்த ஊர்க்காரங்க? நாம சாப்பிடறோம், அதுங்க தூங்குது. நாம தூங்கப் போனா அதுங்களுக்கு உச்சி வெயிலு. ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு நாடா?" என்றார். சிரிக்கத்தான் கேட்டார்.

நீ செப்டம்பரில் அங்கே இறங்கி உன் போனைத் திறந்ததும் அது தானாக அந்த ஊர் நேரத்துக்கு மாறிக்கொண்டது இல்லையா, அதனுடன் நம் கூடத்துத் தொட்டியின் விளக்கும் மாறிவிட்டது. நீ அமைத்த ஆப் உன் போனின் கடிகாரத்தைத்தான் கேட்கிறது. இது உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன், தெரிந்திருந்தால் அன்றைக்கே சரிசெய்திருப்பாய். முன்பு காலை பத்து மணிக்கு எரிந்த விளக்கு இப்போது மாலை நான்குக்கு எரிகிறது, உனக்கு அப்போதுதான் காலை பத்து. வேலை முடிந்து வந்து நான் கோட்டைக் கழற்றும் நேரத்தில் தொட்டியில் நீல வெளிச்சம் லேசாகப் பரவும். பவளங்கள் ஒவ்வொன்றாக விரியும், மஞ்சள் மீன் பாறை இடுக்கிலிருந்து தலையை நீட்டும், கோமாளி மீன்கள் இரண்டும் வழக்கம் போல் சண்டையைத் தொடங்கும். முதல் வாரத்திலேயே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன், ஆனால் உன்னிடம் சொல்லவில்லை. இருபத்தைந்து வருடமாக ஆய்வகத்தில் இஞ்சினியராக, அளந்து பார்க்காத எதையும் நம்பாமல் இருந்தவள் நான். மீனைப் பார்த்துப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது, இன்றும் பேசுவதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவேன், அவ்வளவுதான். உனக்கு விடிந்துவிட்டது, நீ எழுந்திருப்பாய், தொப்பி போடாமல் வெளியே போயிருப்பாய் என்று தோன்றும். போனில் நீ "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்று மட்டும்தான் சொல்கிறாய். விளக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிற மாதிரி இருந்தது.

ஆனால் டிசம்பரில் ஒரு சிக்கல். குளிருக்கு ஜன்னல்களை அடைத்த பிறகு, நான் வீடு திரும்பும்போது மீன்கள் எல்லாம் மேல்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. உன் பச்சைக் கிளைப் பவளத்தின் நுனிகள் வெளுத்துவிட்டன. உப்பு, சூடு, கால்சியம் எல்லாம் அளந்து பார்த்தேன், எல்லாம் சரி. உன் அறையில் இருக்கும் துண்டுப் பவளத் தொட்டியிலும் அதே கதை, குழாய் வழியே எல்லாவற்றுக்கும் ஓடுவது ஒரே தண்ணீர்தானே. பயந்துபோய் ஸஹாரியைக் கூப்பிட்டேன். உனக்கு முதல் பவளத்தைக் கொடுத்த அதே ஸஹாரிதான், இப்போது தாடி நரைத்துவிட்டது, பேச்சு மட்டும் மாறவில்லை. வந்ததும் கூடத்துத் தொட்டியை ஏறிட்டும் பார்க்கவில்லை. முட்டி போட்டு, அதற்கு அடியில் உள்ள அலமாரிக் கதவைத் திறந்து, உள்ளே பாசி வளரும் சின்னத் தொட்டியின் விளக்கு டைமரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "உங்க பையன் இத எதுக்கு வச்சான்னு தெரியுமா, இஞ்சினியரம்மா? மேல இருக்கறது தூங்கறப்ப கீழ இருக்கறது முழிச்சிருக்கணும். பவளம் இருட்டுல மூச்சு வாங்கும், அந்நேரம் பாசி வெளிச்சத்துல மூச்சு குடுக்கும். இப்ப உங்க வீட்ல பகல் பூரா ரெண்டுமே தூங்குது. யார் யாருக்கு மூச்சு குடுக்கறது?" என்றார். விஷயம் இதுதான். மேல் விளக்கு உன் போனோடு கனடா போய்விட்டது, பாசி விளக்கு மட்டும் சுழற்றும் டைமரில் ப்ளோவ்திவ் நேரத்திலேயே, இங்கே இரவில்தான் எரிகிறது. ஜன்னல் திறந்திருந்தவரை வீட்டுக் காற்று அதைச் சமாளித்திருக்கிறது. அடைத்ததும் முடியவில்லை.

சரிசெய்ய இரண்டு வழி இருந்தது. மேல் விளக்கை இந்த ஊர் நேரத்துக்குக் கொண்டுவரலாம், இல்லையென்றால் கீழ் டைமரைச் சுழற்றி உன் ஊர் இரவுக்குப் பொருத்தலாம். ஸஹாரி முதல் வழியைத்தான் சொன்னார், "விளக்க ஊருக்குக் கூட்டிட்டு வர்றதுதான் ஒழுங்கு" என்று. ஆப்பின் ரகசிய எண் எனக்குத் தெரியாது என்று சொன்னேன். எனக்குத் தெரியும், அது உன் பிறந்தநாள். அவர் மறுபடி முட்டி போட்டுக் கீழ் டைமரைச் சுழற்றினார். இரண்டு நாளில் மீன்கள் கீழே இறங்கிவிட்டன. பச்சைப் பவளம் தேறிவருகிறது, நுனியில் புது வெள்ளை அரும்பு வந்திருக்கிறது, இது வெளுப்பு அல்ல, வளர்ச்சி என்று அவரே சொன்னார்.

அதற்குப் பிறகுதான் புத்தாண்டன்று நீ பேசினாய். இன்னும் இரண்டு வருடம் அங்கேயே என்று முடிவாகிவிட்டது, கோடையிலும் வர முடியாது, "அந்தத் தொட்டிங்கள ஸஹாரிக்கே குடுத்துடும்மா, உங்களுக்கு வீண் தொல்லை" என்றாய். நான் சரி என்றேன். நீ சொன்னதில் தவறு எதுவும் இல்லை. வாரம் தவறாமல் உப்புத் தண்ணீர் கலக்கிறோம், தொட்டியின் அழுக்கு நுரை சேரும் கோப்பையைக் கழுவுகிற அன்றைக்கு வீடே துறைமுகம் மாதிரி நாறுகிறது, அப்பாவின் இடுப்பு வாளி தூக்கும்படி இல்லை. கீழ்வீட்டு ஸோன்கா மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் "என் தலைக்கு மேல கடல வச்சிட்டு நீ நிம்மதியா வேலைக்குப் போற" என்கிறாள். அன்று பாலாடைக்கட்டி அடுக்கிச் சுட்ட பனிட்ஸாவை வெட்டும்போது வழக்கம் போல் உன் பெயருக்கும் ஒரு துண்டு வைத்தேன். அப்பா அதை யாருக்கும் தெரியாமல் தின்றுவிட்டு, "அவன் அங்க பட்டினி கிடக்கக் கூடாதுன்னுதான்" என்றார்.

ஸஹாரி நாளை தொட்டிகளை எடுத்துப்போக டிரம்களோடு வருகிறார். நாளை புனித இவான் திருநாள், இவான்களுக்கெல்லாம் போல உனக்கும் பெயர்நாள் என்று நினைவுபடுத்தினேன். "தெரியும், அதனாலதான் தனியா வர்றேன். என் உதவியாள் பேரு இவான். நாளைக்குக் குடிச்சிட்டு அவன் நேரா நிக்க மாட்டான்" என்றார். பவளங்கள் அவரிடம் நன்றாக இருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. தொட்டி போன பிறகு அந்தச் சுவரில் புத்தக அலமாரி வைக்கலாம் என்கிறார் அப்பா. சரிதான். மாலை நான்கு மணிக்கு நான் எங்கே உட்காருவது என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை. இதை உன்னிடம் போனில் சொல்லியிருக்க மாட்டேன். சொன்னால் நீ "அப்ப வச்சுக்கோம்மா" என்பாய், அதையும் கடமைக்காகச் சொல்வாய். உன்னை வரச் சொல்லிக் கேட்கவும் இல்லை. வேலை நல்ல வேலை, நீ இருக்க வேண்டிய இடம் அதுதான்.

இந்தக் கடிதத்தோடு பொட்டலத்தில் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறையும் மூலிகைப் பொடி கலந்த வண்ண உப்பும் இருக்கின்றன. உப்பை ரொட்டியில் தொட்டுச் சாப்பிடு, சூப்பில் கொட்டாதே. பனி உறைந்த சாலையில் மற்றவர்கள் ஓட்டும் காரில் ஏறாதே. பல்வலி என்றாயே, மருத்துவரைப் பார்த்தாயா? காதை மூடும் தொப்பி போடு. அப்பா முத்தம் சொல்லச் சொன்னார். உன் பெயர் உயிரோடு, ஆரோக்கியத்தோடு இருக்கட்டும். அதைச் சுமக்கிற நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் அம்மா,
நெவெனா

ஜனவரி 7, மாலை

பொட்டலத்தை இன்னும் ஒட்டவில்லை, அதனால் இன்று நடந்ததையும் எழுதுகிறேன். ஸஹாரி காலையிலேயே வந்து முதல் டிரம்மில் பாதித் தண்ணீரை இறக்கினார். தொட்டி இருட்டாக இருந்தது, மீன்கள் தூங்கிக்கொண்டிருந்தன. யாரும் கூப்பிடாமலே வருவதுதான் பெயர்நாள் என்பதால் ஸோன்காவும் ஒரு பலகாரத் தட்டை மூடி எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டாள். "பேர்நாள்காரன் இல்லாத வீட்டுக்கு வந்த ஒரே முட்டாள் நான்தான்" என்றாள். தண்ணீர் இறங்குவதைப் பார்த்துவிட்டு, "அப்பாடா, இன்னைக்கு நிம்மதியாத் தூங்குவேன்" என்று சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். அப்பா எல்லோருக்கும் பழச் சாராயம், அவருடைய ராக்கியா, ஊற்றினார். ஸஹாரி முழங்கை வரை கையை உள்ளே விட்டு உன் பச்சைப் பவளம் இருக்கும் பாறையைப் பிடித்தார்.

அப்போது விளக்கு எரிந்தது. முதலில் நீலம், பிறகு மெதுவாக அல்லாமல் ஒரேயடியாக நடுப்பகல் வெளிச்சம். இங்கே அப்போது மதியம்கூட ஆகவில்லை, உன் ஊரில் இன்னும் விடிந்திருக்காது. அந்த விளக்கை அந்த நேரத்தில் ஏற்றக்கூடிய போன் உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது. அப்பா தாயின் மேல் ஆணையிட்டுச் சொல்கிறார், அவர் உன்னைக் கூப்பிடவில்லை என்று. மஞ்சள் மீன் திடுக்கிட்டு ஸஹாரியின் கையில் இடித்தது. அவர் பாறையை விட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்து, துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "வீட்டுக்காரன் வந்துட்டான். ஆள் வீட்ல இருக்கறப்ப நான் எப்படித் தூக்கிட்டுப் போறது?" என்றார். ஸோன்கா விளக்கைப் பார்த்துக் கோப்பையை உயர்த்தி உன் பெயரை வாழ்த்தினாள், பிறகு தண்ணீரைத் திரும்ப ஊற்றும்போது சிந்தக் கூடாது என்று ஸஹாரியிடம் கண்டிப்பாகச் சொன்னாள்.

நீ ஏன் ஏற்றினாய் என்று நான் கேட்கவில்லை. கடைசியாக ஒருமுறை பார்க்க நினைத்திருக்கலாம், தூக்கத்தில் விரல் பட்டிருக்கலாம். ஒரு மணி நேரம் எரிந்து அணைந்தது. ஸஹாரி தண்ணீரை ஊற்றிவிட்டுக் காலி டிரம்களோடு போனார். நான் பாத்திரங்களைக் கழுவி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நான்கு மணிக்கு விடிந்தது.