ஏழாம் கோப்பை

மேஸ்,
3 மார்ச் 1987

அன்புள்ள கிலேம்,

ஆமாம், கண்டுபிடித்துவிட்டேன். நான்காம் கோப்பை நீதான்.

இதை எழுதக் கூடாது. மேசையில் நடப்பதை வெளியே பேசுவதில்லை என்று கையெழுத்துப் போட்டுத்தான், எந்த ஒயின் புட்டியில் ஊர்ப் பெயர் போடலாம் என்று முடிவு செய்யும் ருசிக் குழுவில் உட்காருகிறோம். ஆனால் நீ பதினோராயிரம் கிலோமீட்டர் தள்ளி, மெந்தோசாவில், யாருடைய அறுவடைக்கோ தொட்டி கழுவிக்கொண்டிருக்கிறாய். உன்னிடம் சொல்வது வெளியே சொல்வதாகாது. அப்படி வைத்துக்கொள்கிறேன்.

காலை பத்து மணி. வாய் சுத்தமாக இருக்கும் நேரம். பன்னிரண்டு கோப்பைகள், ஐந்து பேர். கோப்பைகளில் எண் மட்டும். யார் தோட்டம், யார் தொட்டி, எதுவும் கிடையாது. தொடங்குமுன் ரஸ்கோல் அம்மையார் வழக்கம்போலக் கேட்டார்: "உங்க வீட்டு ஆளோட ஒயின் இங்க இருக்குன்னா இப்பவே எந்திரிச்சிடுங்க. அப்புறம் மூஞ்சி சிவந்து பிரயோஜனமில்ல."

நான் எழுந்திருக்கவில்லை. சட்டப்படி நீ எனக்கு யாருமில்லை. மேயர் அலுவலகத்தில் போய்க் கல்யாணத்தைப் பதிய நமக்கு ஆறு வருடமாக ஓய்வு கிடைக்கவில்லை. அந்தச் சோம்பல் இன்று உதவியது என்று நினைத்தேன்.

நான்காவதை எடுத்தேன். பச்சைப் பேரிக்காய். பின்னால் கொஞ்சம் சோம்பு. நாக்கின் இரு ஓரங்களிலும் அந்தப் புளிப்பு. கடைசியில் உப்பு, சிப்பியைத் திறந்ததும் ஓட்டில் நிற்குமே, அந்த நீர். கண்ணை மூடினேன். நிலவறைப் படியில் ஈரச் செருப்புச் சத்தம் கேட்டது. ஐந்து வாரத்தில் முதல் தடவையாக நீ அருகில் இருந்தாய்.

ரஸ்கோல் அம்மையார் சொன்னார்: "சிதோனி, மூக்கை விட்டுப் பாக்கச் சொன்னாங்க. முகம் கழுவச் சொல்லல."

எல்லோரும் சிரித்தார்கள். நான் துப்பவில்லை. விழுங்கினேன். குழுவில் யாரும் விழுங்குவதில்லை.

குறிப்பில் இப்படி எழுதினேன்: "இதைச் செய்த கை இந்த மண்ணை அறியும். எங்கே சந்தித்தாலும் அடையாளம் தெரியும்." அதிகம்தான். ஆய்வுக்கூடத்தில் அமிலம் அளந்து சம்பளம் வாங்குகிறவள் எழுதுகிற வரி அல்ல.

ஒரே ஒரு தகராறு, ஏழாவதில். முறைத்துக்கொண்டு நின்றது. மணம் கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு கசப்பு வந்து உட்கார்ந்து, எழுந்து போகவேயில்லை. செத் துறைமுகத்து ஓட்டல்காரர், "இதை நான் மீனோட வெச்சா மீனு எந்திரிச்சு ஓடிடும்" என்றார். ரஸ்கோல் அம்மையார் மட்டும் இரண்டாவது முறை ஊற்றிக்கொண்டார். "எனக்கு இது இன்னும் கொஞ்சம் வேணும்போல இருக்கு. ஏன்னு கேக்காதீங்க" என்றார். ஆதரவாக இரண்டு, எதிராக இரண்டு. என் கை மிச்சம். நான் அவசரத்தில் இருந்தேன். நான்காவதை இன்னொரு முறை முகர்ந்து பார்க்க வேண்டும். "முடிவில் கசப்பு. ஊர்ச் சாயல் இல்லை" என்று எழுதி ஏழாவதைத் தள்ளினேன்.

மோன்பெல்லியே ரயில் நிலையத்தில் நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "ஊர்ப் பேர் கெடைச்சா வர்றேன். பேர் இல்லாத ஒயினுக்காகத் திரும்பி வந்து, கடைத்தெருவுல நடக்க என்னால முடியாது. அங்கேயே இருந்துக்கறேன்." பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். என்னைப் பார்க்கவில்லை.

பெயர் கிடைத்துவிட்டது. முடிவு வர இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

காயலில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. காற்று நான்கு நாளாக வடக்கே இருந்து. உன் பக்கத்துத் தலையணையை மாடியில் வெயிலுக்கு வைத்தேன். பறந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டின்மேல் கிடந்தது.

வந்துவிடு.

நாள்களை எண்ணியபடி,
சிதோனி


மேஸ்,
17 மார்ச் 1987

அன்புள்ள கிலேம்,

உன் தந்தி நேற்று வந்தது. மேஸ்திரியிடம் சொல்லிவிட்டாய். ஏப்ரல் பதினொன்றாம் தேதி விமானம். கடைசியில் "உன் கிலேம்". இத்தனை வருடத்தில் நீ அப்படிக் கையெழுத்திட்டதில்லை. ஒரு சொல்லுக்கு அவர்கள் வாங்கும் காசுக்கு அது பெரிய ஊதாரித்தனம். பத்து முறை படித்தேன்.

இனி வருவதை உட்கார்ந்து படி.

சனிக்கிழமை சிப்பிக் கொட்டகைக்குப் போயிருந்தேன். கோசென் அங்கே பெஞ்சின்மேல் ஏறி நின்று ஒரு தாளைப் படித்துக்கொண்டிருந்தார். அதே கோசென்தான், அவருடைய ஒயினைப் பல் வைத்தியர் கொப்பளிக்கக் கொடுப்பது என்று நீயும் நானும் சொல்வோமே. அவருக்கு ஊர்ப் பெயர் கிடைத்திருக்கிறது. கூடவே குழுவின் குறிப்பு. அதை உரக்கப் படித்தார்: "எங்கே சந்தித்தாலும் அடையாளம் தெரியும்."

என் வரி. மேலே எண் நான்கு.

"பாத்தியாம்மா சிதோனி? யாரோ ஒரு மகராசன் என்னைப் புரிஞ்சுக்கிட்டிருக்கான். நாப்பது வருஷம் கூடவே குடித்தனம் பண்ணி இவளுக்குப் புரியல" என்றார்.

அவர் மனைவி சிப்பியைத் திறந்துகொண்டே, தலையைத் தூக்காமல், "புரிஞ்சதாலதான்யா நான் பீர் குடிக்கிறேன். எறங்கு. பெஞ்சு ஆடுது" என்றாள்.

எனக்கும் ஒரு கோப்பை ஊற்றினார். பேரிக்காய். சோம்பு. உப்பு. அப்போதுதான் உறைத்தது. கோசென் என் அப்பாவிடம் பதினைந்து வருடம் வேலை பார்த்தவர். அப்பா சொல்லிக்கொடுத்ததை ஒரு நாள், ஒரு மணி நேரம்கூட மாற்றாமல் இன்றுவரை செய்கிறார். நான் கண்ணை மூடி அடையாளம் கண்டது அப்பாவின் நிலவறையை. நீ அங்கே வேலை செய்த காரணத்தால், அதை நீ என்று எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை உன் பெயருக்கு உறை வந்தது. உன் தபாலைப் பிரிக்கச் சொல்லியிருந்தாய். பிரித்தேன். எண் ஏழு. ஊர்ப் பெயர் மறுக்கப்படுகிறது. இரண்டுக்கு மூன்று. கீழே தட்டச்சில், ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல்: முடிவில் கசப்பு. ஊர்ச் சாயல் இல்லை.

அன்று மாலையே உன் தந்தி.

மூன்று வாரத்துக்குள் நீ கேட்டால் இரண்டாம் ருசி உண்டு. வேறு ஐந்து பேர், வேறு மேசை. ஏப்ரல் ஆறு கடைசி. நீதான் கேட்க வேண்டும். என்னால் முடியாது; சட்டப்படி நான் உனக்கு யாருமில்லை.

இதைத் தந்தியில் சொல்ல முடியவில்லை. தந்தி மேசையில் கோசெனின் மருமகள் உட்கார்ந்திருக்கிறாள்.

நேற்று இரவு முழுக்க நான் யோசித்தது வேறு. அதையும் எழுதிவிடுகிறேன். எழுதாமலே இருந்துவிடலாம் என்று யோசித்தேன். உன்னிடம் டிக்கெட் இருக்கிறது. நீ வந்துவிடுவாய். ஏப்ரல் ஆறு அதற்குள் கடந்திருக்கும். உறையை அடுப்பில் போட்டால் தபால் தவறிப்போனது என்று சொல்லலாம். நீ கோபப்படுவாய், ஆனால் வீட்டுக்குள் இருந்து கோபப்படுவாய். உறையை அடுப்பு மேடைமேல் வைத்தேன். காபி வைத்தேன். காபியைக் குடித்தேன். உறை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

படிக்கட்டுக்கு அடியிலிருந்து உன் ஒயின் ஒரு புட்டி எடுத்துத் திறந்திருக்கிறேன். நீ போகும்போது இரண்டு கோடைக்குத் தொடாதே என்று சொன்னதால் இதுவரை தொடவில்லை. அப்படியேதான் இருக்கிறது. முறைக்கிறது. கசக்கிறது. உன்னிடம் பொய் சொல்லி என்ன செய்ய? இன்று மறுபடி அந்த மேசையில் உட்காரவைத்தாலும் நான் என்ன எழுதுவேன் என்று தெரியவில்லை.

புட்டியை மூடாமல் வைக்கிறேன். மீதியை நாளை எழுதுகிறேன்.

18, புதன்

ஒரு வாய். நேற்று மாதிரியேதான். காற்று திரும்பியிருக்கிறது, கடலிலிருந்து வருகிறது. துணி எதுவும் காயவில்லை.

ஆய்வுக்கூடத்தில் என்னைத் தவிர எல்லோருக்கும் சளி. அதைச் சாக்காக வைத்து எல்லாரும் என் மூக்கைப் புகழ்ந்தார்கள். "ஊர்லயே நம்பர் ஒன் மூக்கு" என்றான் ஒருவன். சிரித்தேன்.

20, வெள்ளி

மூன்று நாளாகத் திறந்து கிடந்தது. இன்று காலை, கண் விழித்ததும், பல் தேய்க்கும் முன், ஒரு வாய் குடித்தேன்.

கசப்பு இருக்கிறது. ஆனால் இப்போது அது கடைசியில் வந்து உட்காரவில்லை. முதலிலிருந்தே உள்ளே இருக்கிறது. மற்றதெல்லாம் அதன்மேல் நிற்கிறது. பாதாமின் தோல். எலுமிச்சைத் தோல், பழம் இல்லை. மழை நின்ற பிறகு உன் தோட்டத்து வடக்குச் சரிவில் கல் மணக்குமே, அது. பேரிக்காய் இல்லை. சோம்பு இல்லை. அப்பா இல்லை.

திராட்சைச் சாற்றைத் தோலோடு ஒரு இரவு ஊறவிட்டிருக்கிறாய், இல்லையா? என்னிடம் சொல்லவில்லை.

எந்த இரவு என்றும் தெரிகிறது. செப்டம்பரில் நாம் சண்டை போட்ட இரவு. நான் சொன்னேன்: "கண்ணைக் கட்டிட்டுக் குடிச்சாலும் சொல்லிடுவேன், நீ பண்றது எங்கப்பா ஒயின்னு. உன்னோடதுன்னு ஒண்ணு இருக்கா?" சும்மா சொன்ன சொல் அல்ல. வலிக்கட்டும் என்று சொன்னது. நீ தட்டை அப்படியே வைத்துவிட்டு நிலவறைக்குப் போனாய். காலையில்தான் வந்தாய். கையெல்லாம் சாறு ஒட்டிக்கொண்டிருந்தது.

நீ உன்னுடையதைச் செய்துவிட்டு வந்து நின்றிருக்கிறாய். அது என் முன்னால் வந்தபோது, இந்த ஊரில் யாருக்கும் இல்லாத மூக்கை வைத்துக்கொண்டு, நான் உன்னைத் தள்ளிவிட்டு உன்னைத் தேடினேன்.

நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், தெரியவில்லை கிலேம். இன்னும் கொஞ்சம் வேண்டும்போல இருக்கிறது. இரண்டு வாய் குடித்தாயிற்று. மணி எட்டுகூட ஆகவில்லை.

விண்ணப்பப் படிவம் இதோடு இருக்கிறது. ஆனால் தபாலில் திரும்பி வர நாள் போதாது. நீயே மெந்தோசாவிலிருந்து குழுவின் முகவரிக்கு ஒரு தந்தி கொடு. உன் பெயர், எண் ஏழு, இரண்டாம் ருசி கேட்கிறேன் என்ற மூன்றும் போதும். ஏப்ரல் ஆறுக்குள். நான் குழுவில் இருந்தது உனக்குத் தெரியும் என்று அவர்களிடம் சொல்ல வேண்டிவந்தால், சொல்லிவிடு. மறைக்காதே.

இரண்டாம் ருசியிலும் தள்ளலாம். அந்த ஓட்டல்காரர் மாதிரி ஐந்து பேர் உட்காரலாம். அப்போது உன் ஒயின் வெறும் வெள்ளை ஒயின். கோசென் பெஞ்சில் ஏறுவார். அதையும் எண்ணிப் பார்த்துக்கொள். நான்காம் கோப்பையை நம்பித்தான் நீ டிக்கெட் எடுத்தாய். அதைத் திருப்பிக் கொடுக்க உனக்கு எல்லா உரிமையும் உண்டு. ஏன் என்று கேட்க எனக்கு வாயில்லை.

அங்கே இந்நேரம் இலை பழுக்கத் தொடங்கியிருக்கும். மலைக் காற்று மாலையில் சட்டென்று இறங்கும் என்று எழுதியிருந்தாய். அந்தச் சாம்பல் நிற மேல்சட்டையை வேலைக்கு எடுத்துப் போ. கையில் வெடிப்பு வந்தால் ஆலிவ் எண்ணெய் போதாது, கொழுப்பு தடவு. நேரத்துக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் நல்லபடியாக இரு.

ஏப்ரல் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை. பாரிஸிலிருந்து வரும் ரயில் மோன்பெல்லியேவுக்கு மாலை நான்கு இருபதுக்கு. நான் நிலையத்தில் இருப்பேன். அன்றைக்கு எனக்கு வேறு வேலை இல்லை.

என்றும்,
சிதோனி

உறையை ஒட்டுமுன் ஒன்று. ரஸ்கோல் அம்மையார் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நடு வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கேட்டார். "திட்டணும்தான். தோட்டத்துல வேலை கெடக்கு, நாளைக்கு வா, திட்டறேன்" என்றார். குழுவிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பிறகு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உன் வடக்குச் சரிவுக்குப் போனேன். நீ கிளம்பிய அவசரத்தில் ஐந்து வரிசைத் திராட்சைக் கொடிகள் கவாத்து வெட்டாமல் நின்றன. மூன்று முடித்தேன். இருட்டிவிட்டது.