வார்டுக்கு வெளியே ஒரு பாய்

ஜனவரி 6, செவ்வாய்

காலையில் பனி. எதிர்வீட்டு மாடிகூடத் தெரியவில்லை. கேஸ் புக் பண்ணினேன். பிரஷர் மாத்திரை வாங்கணும்.

செங்கல்பட்டு போய் ஸ்கேன் முடிவு வாங்கி வந்தேன். திரும்பும்போது மாமல்லபுரம்வரை நின்றபடியே பயணம். பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று தேடப் போய் அகப்பட்டது வேறு. வயிற்றுப் பெரிய ரத்தக்குழாயில் வீக்கம், 4.9 செ.மீ. தம்பி சேகருக்கு இரண்டு வருஷம் முன்பு வந்த அதே சனியன். "ஆம்பளைங்களுக்கு வர்ற நோவு" என்று அப்போது எல்லாரும் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

மத்தியானம் படுத்து, தொப்புளுக்கு மேலே கை வைத்துப் பார்த்தேன். துடிப்பு. அவர் போனபிறகு இந்த வீட்டில் என்னைத் தவிர அசைவது இது ஒன்றுதான்.

ஜனவரி 9, வெள்ளி

டாக்டர் சின்னப் பெண். நல்லவிதமாகப் பேசினாள்.

"தம்பிக்கு அஞ்சரை ஆகிறவரைக்கும் காத்திருக்கச் சொன்னாங்களே?" என்று கேட்டேன்.

"அவர் குழாய் பெருசும்மா. உங்களுது இயல்பாவே சின்னது. அதே வீக்கம் உங்களுக்கு ஜாஸ்தி. பொம்பளைங்களுக்குச் சீக்கிரம் வெடிக்கலாம். காத்திருக்க வேணாம்."

"அவனுக்குத் தொடை வழியா ஸ்டென்ட் விட்டாங்க. அந்த மாதிரிதானே?"

"உங்களுக்குத் தொடைக் குழாய் ரொம்ப ஒடுக்கம். நுழையாது. வயித்தத் திறக்கணும்."

பிழைப்பேனா என்று கேட்டேவிட்டேன். பெரும்பாலும் என்றாள். ஆம்பளைகளைவிடக் கொஞ்சம் ஆபத்து கூட, மறைக்க மாட்டேன் என்றாள். அதற்காகவே அவளைப் பிடித்துவிட்டது.

பத்தொன்பதாம் தேதி அட்மிஷன். "கூட யாரு இருப்பாங்க?" யோசிக்காமல் "தம்பி" என்றேன். அவனிடம் இன்னும் பேசவே இல்லை.

ஜனவரி 10, சனி

கீரை, அரைக்கிலோ சங்கரா, மாத்திரை. மீனை வாங்கின பிறகு ஒரு ஆளுக்கு எதற்கு இவ்வளவு என்று தோன்றியது.

சேகருக்குப் போன். வேடந்தாங்கலில் அவன் போண்டாக் கடைக்கு இப்போதுதான் சீசன். பின்னால் ஒரே கூச்சல்.

"இன்னாக்கா, இதுக்குப் போயி பேஜாராவுற? எனக்கு அஞ்சரை ஆனப்புறம்தான் பண்ணாங்க. உனுக்கு அஞ்சே ஆவல. சும்மா பயங்காட்டிகினு கீறாங்க. எனக்கு மூணே நாளு. நடந்து வூட்டுக்கு வந்தேன்."

எனக்கு அது இல்லடா, வயிற்றையே கிழிக்கணும் என்றேன். "ரெண்டு பேருக்கும் ஒரே நோவுதானக்கா" என்றான். சிரிக்கிறான். கோபம் வந்தது. அந்த மூன்று நாளும் வார்டு வாசலில் பாய் போட்டுக் கிடந்தது நான். அவன் பெண்டாட்டிக்கு ஆஸ்பத்திரி வாடை ஆகாதாம். அதற்கு முன்பு என் வீட்டுக்காரருக்கும் நான்தான் கிடந்தேன்.

ஜனவரி 17, சனி

காணும் பொங்கல். தெரு கொள்ளாத ஜனம். கடற்கரைக்குப் போகிற குடும்பம் ஒன்று கதவைத் தட்டியது. குழந்தைக்குக் கால் கழுவத் தண்ணீர். பின்கட்டுக் குழாயைக் காட்டினேன். மோர் கொடுத்தேன். "நீங்க மட்டுமாம்மா கீறீங்க?" என்றாள் தாய்க்காரி. ஊருக்குப் போயிருக்காங்க என்றேன். யார் போனது, எந்த ஊர், கடவுளுக்கே வெளிச்சம்.

அவர்கள் போனபிறகும் கதவைச் சாத்தவில்லை. வேறு யாரும் வரவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

காற்று. கொடியில் துணி நிற்கவில்லை.

பை கட்டினேன். பாய், பிளாஸ்க், காற்றுத் தலையணை, கொசுவத்தி, வாரப் பத்திரிகை இரண்டு, பிஸ்கட். கட்டி முடித்து ஜிப்பை இழுத்தபோதுதான் உறைத்தது. எல்லாம் வெளியே உட்காருகிறவர்களுக்கான சாமான். என் நைட்டி ஒன்றுகூட உள்ளே இல்லை. அவ்வளவு பழக்கம். அடுப்படியில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன்.

சேகருக்குப் போன் போட்டேன். இந்த முறை நோயைப் பற்றி விளக்கவில்லை. "பயமாயிருக்குடா. வந்து வெளியே உக்காரு" என்றேன். இப்படி அவனிடம் கேட்டதே இல்லை.

அந்தப் பக்கம் யாரோ "அண்ணாத்த, ரெண்டு போண்டா" என்றது கேட்டது.

"அப்பால கூப்புடுறேன்க்கா."

வைத்துவிட்டான். இன்னும் கூப்பிடவில்லை.

பையைக் கொட்டி மறுபடி கட்டினேன். நைட்டி மூன்று, துண்டு, சோப்பு, மாத்திரை, ஸ்கேன் படம். பிளாஸ்க்கை அலமாரியில் வைத்தேன். கொசுவத்தி, பத்திரிகை எல்லாம் வெளியே.

பாயை மட்டும் திரும்பப் பையிலேயே வைத்தேன், அவன் வந்தால் உட்கார.