மழைத் தகரம் சுத்தம் பண்ண நான் ஏணி ஏறின கதை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுறேன். நீயும் மருமகளும் அங்க நல்லபடியா இருப்பீங்கன்னு நம்புறேன், இங்க அப்பாவும் நானும் கை கால் முழுசா, பசிச்சா சாப்பிட்டு, படுத்தா தூங்கி, சௌக்கியமா இருக்கோம். கை கால் முழுசான்னு அம்மா எதுக்கு இப்படி அழுத்தி எழுதுறாங்கன்னு நீ நெத்தியைச் சுருக்குறது எனக்கு இங்கிருந்தே தெரியுது. விஷயம் இருக்கு. உன் தங்கச்சி ஞாயித்துக்கிழமை போன் பண்ணி உளறிக் கொட்டுறதுக்கு முன்னாடி நானே முழுசா எழுதிடலாம்னு உட்கார்ந்தேன். அவ சொன்னா ஒண்ணு மூணாகும், நாங்க ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில கிடக்குறோம்னு நினைச்சு நீ டிக்கெட் போட்டுருவே. நானே போன்ல சொல்லலாம்தான், ஆனா நீ நடுவுல நடுவுல அம்மா அம்மான்னு கத்துவே. கடிதாசின்னா நான் முடிக்கிற வரைக்கும் நீ வாயை மூடிக்கிட்டு இருந்துதான் ஆகணும்.

இப்போ ஏணி ஏறுறது அப்பா இல்லை, நான். முதல்ல இதைச் சொல்லிட்டேன், தண்ணி குடிச்சிட்டு மேல படி.

போன மாசம் மூலை வீட்டு பாட்டு வாத்தியாரம்மா மழைத் தகரம் சுத்தம் பண்ணக் கூப்பிட்டிருந்தாங்க. ரெண்டு மாடி, கூரை ஓரம் சுத்திலும் மழைத்தண்ணியை வாங்கிக் குழாய்ல இறக்குற மழைத் தகரம் (இப்போ எல்லா வீட்டுலயும் பிளாஸ்டிக்தான், நம்ம வாயில என்னவோ இன்னும் தகரம்தான்), பின்பக்கம் கூரைக்கு மேலயே கையை நீட்டிக்கிட்டு ஒரு பெரிய மரம். அப்பா வழக்கம்போல வாசல் கேட்டுல நின்னுகிட்டு அண்ணாந்து பார்த்தார், எல்லா வீட்டுக்கும் சொல்ற அதே நூத்தைம்பதைச் சொன்னார். பின்பக்கம் போய்ப் பார்க்கலை, எத்தனை குழாய் இறங்குதுன்னு எண்ணலை, கடைசியா எப்போ சுத்தம் பண்ணாங்கன்னு கேட்கலை. நான் அவர் முதுகைக் கிள்ளினேன், காதுல போட்டுக்கலை. வேலை போனதுக்கு அப்புறம் இந்தத் தொழிலை ஆரம்பிச்சு நாலு வருஷமாச்சு, இன்னைக்கு வரைக்கும் விலை சொல்லும்போது அப்பா குரல் கடன் கேட்க வந்தவர் குரல் மாதிரிதான் இருக்கும். அந்தம்மா அதுக்கே, இவ்வளவு கம்மியாவான்னு கேட்டாங்க. அப்பாவுக்கு அது பாராட்டா கேட்டுச்சு.

முன்பக்கம் முடிச்சு பின்பக்கம் போனோம். மரத்தடி மண் முந்தின வாரம் பெய்ஞ்ச மழையில ஊறிப்போய் இருந்துச்சு. ஏணிக் காலுக்கு அடியில பலகை போடுங்கன்னு சொன்னேன், பலகை வண்டியில இருக்கு, அஞ்சு நிமிஷ வேலைக்கு எதுக்குன்னுட்டார். மேல போய் இறக்குக் குழாயோட வாயில துணியைத் திணிச்சார், அது எப்பவும் செய்யுறது, இல்லேன்னா அள்ளுற அழுக்கு குழாய்க்குள்ள போய் அடைச்சுக்கும். வாளியில ரெண்டு அள்ளு போட்டிருப்பார், ஏணியோட ஒரு கால் மண்ணுக்குள்ள சரக்குனு இறங்கிருச்சு. ஒரு சாண்தான் இறங்கியிருக்கும், அடியில கல்லோ வேரோ தட்டி அப்படியே நின்னுருச்சு, கீழ நான் முழு பாரத்தையும் போட்டுப் பிடிச்சுக்கிட்டிருந்தேன். வாளி மட்டும் விழுந்து என் தோள் பக்கமா போச்சு. அப்பா விழலை. ஆனா இறங்கவும் இல்லை. என்னங்கன்னு கூப்பிட்டேன். திரும்பக் கூப்பிட்டேன். ரெண்டு கையாலயும் ஏணியைக் கட்டிக்கிட்டு, கன்னத்தைக் கம்பியில அழுத்திக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறார். கால் ரெண்டும் தையல் மெஷின் ஊசி மாதிரி ஆடுது. தம்பி, முப்பத்தோரு வருஷத்துல அந்த மனுஷன் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

நான் போட்ட சத்தத்துல வாத்தியாரம்மா வெளிய ஓடி வந்தாங்க. அவங்க கொஞ்சம் கனத்த உடம்பு, அன்னைக்கு அதுதான் எங்களுக்குக் கை கொடுத்துச்சு. ஏணிக்குப் பின்பக்கமா வந்து கீழ்ப்படியில ஏறி நில்லுங்கம்மா, நகராதீங்கன்னேன், ஒரு கேள்வி கேட்காம ஏறி நின்னுட்டாங்க. நான் செருப்பை உதறிட்டு மேல ஏறினேன். பயமா இருந்துச்சான்னு கேட்காதே, அப்போ அதுக்கு நேரமில்லை. அவர் இடுப்பு உயரத்துக்குப் போய், ரெண்டு பக்கமும் கையைப் போட்டு அவரை ஏணியோட சேர்த்து அணைச்சுக்கிட்டேன். என்னால முடியலைன்னு மட்டும் சொன்னார், குரலே இல்லை, காத்துதான் வந்துச்சு. முடிய வேண்டாம், காலை மட்டும் என்கிட்ட கொடுங்கன்னு சொல்லி, அவர் வலது கணுக்காலைப் பிடிச்சு அடுத்த படியில வச்சேன். அப்புறம் இடது. கீழயிருந்து வாத்தியாரம்மா, குழந்தைகளுக்குத் தாளம் போட்டுக் கொடுக்கிற குரல்ல, ஒண்ணுன்னாங்க. அப்பா ஒரு படி இறங்கினார். ரெண்டுன்னாங்க, இன்னொரு படி. அப்படியே பதினாலு படி. நடுவுல ஏழோட நின்னுட்டார், அவங்க ஏழு, ஏழு, ஏழுன்னு விடாம சொல்லிக்கிட்டே இருந்தாங்க, எட்டு வந்ததும்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

தரைக்கு வந்ததும் அவங்க ஒரு நாற்காலி கொண்டு வந்து போட்டு, டம்ளர்ல தண்ணி வச்சுட்டு, நான் உள்ள இருக்கேன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. அந்த மரியாதையை நான் சாகும்வரைக்கும் மறக்க மாட்டேன். அப்பா கொஞ்ச நேரம் கழிச்சு, வா போலாம், காசே வேண்டாம்னு சொல்லிருன்னார். எனக்கும் போயிடலாம்னுதான் இருந்துச்சு. ஆனா மேல பார்த்தா வானம் கறுத்துக்கிட்டு வருது, குழாய் வாயில துணி அப்படியே இருக்கு. மழை வந்தா அவ்வளவு தண்ணியும் தகரத்துல நிறைஞ்சு வழிஞ்சு அவங்க சுவத்துக்குள்ளதான் போகும். நாங்க வராமலே இருந்திருந்தா அவங்களுக்கு நல்லதுங்கிற மாதிரி ஆயிடும். துணியை எடுத்துத்தான் ஆகணும், எடுக்க ஒருத்தர் ஏறித்தான் ஆகணும்னு சொன்னேன். அப்பா எழுந்து வந்து ஏணி மேல கையை வச்சார், உடனே எடுத்துட்டார். நான் ஏறுறேன், நீங்க பிடிங்கன்னேன். உனக்கு என்ன தெரியும்னார். நாலு வருஷமா கீழ நின்னு உங்களைத்தானே பார்த்துக்கிட்டிருக்கேன், எனக்குத் தெரியாததா இதுல என்ன இருக்குன்னேன். வாய்தான் அப்படிச் சொல்லுச்சு.

இந்தத் தடவை வண்டியிலிருந்து பலகை வந்துச்சு. ஏணியைக் கொஞ்சம் தள்ளி, கெட்டியான தரையாப் பார்த்து, அடியில பலகை போட்டு, நாலு அடி உயரத்துக்கு ஒரு அடி வெளிய தள்ளி நிறுத்தினோம். அப்பாவே காலால உதைச்சு உதைச்சு மூணு தடவை பார்த்தார். நான் ஏறினேன். மேல போய் அந்தத் தகரத்துக்குள்ள எட்டிப் பார்த்தப்போதான், தம்பி, நாங்க நாலு வருஷமா என்ன விக்கிறோம்னே தெரியாம வித்துக்கிட்டிருக்கோம்னு புரிஞ்சுது. கீழயிருந்து பார்த்தா காஞ்ச இலை நாலு தெரியும். மேல அது இலையே இல்லை, கறுப்பா, களி மாதிரி, நாலு விரல் ஆழத்துக்கு இறுகிக் கிடக்கு. அதுல செடி முளைச்சு வேர் விட்டிருக்கு, நாத்தம் வேற. எண்ணெய் கேனை வெட்டி அப்பா செஞ்சு வச்சிருக்கிற கரண்டியால தோண்டித் தோண்டி எடுத்தேன். கை எட்டுற வரைக்கும்தான், அதுக்கு மேல சாயக் கூடாது, இறங்கி ஏணியை நகர்த்தித் திரும்ப ஏறணும். ஒன்பது தடவை இறங்கி ஏறினேன். கடைசியா அந்தத் துணியை இழுத்தேன், கூடவே பந்து மாதிரி வேர்க்கட்டி ஒண்ணு வந்துச்சு. அப்பா தோட்டத்துக் குழாயை மேல நீட்டினார், தண்ணி விட்டேன். முதல்ல சத்தமே இல்லை, அப்புறம் குழாய்க்குள்ள தடதடன்னு இறங்குச்சு. கீழ அப்பா குனிஞ்சு பார்த்துக்கிட்டே, வருது, தெளிவா வருதுன்னு கத்தினார். அன்னைக்கு அவர் குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான். நாங்க வண்டி ஏறவும் மழை பிடிச்சுது.

மூணு நாள் அப்பா ஏணியைக் கழுவினார், வாளியைக் கழுவினார், கழுவினதையே திரும்பக் கழுவினார். வேலைக்குப் போகலாம்னு நான் வற்புறுத்தலை. நான் என் பங்குக்கு ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். இருபது வருஷம் அளவு நாடாவைக் கழுத்துல மாட்டிக்கிட்டுத் துணி தைச்சவ நான். கல்யாண உடுப்புக்கும் தலையணை உறைக்கும் ஒரே கூலின்னு எந்தத் தையல்காரியாவது சொல்லுவாளா? அப்புறம் ஒத்தை மாடிக்கும் ரெண்டு மாடிக்கும் எப்படி ஒரே விலை? இனிமே கேட்டுல நின்னு விலை சொல்றதில்லை. வீட்டைச் சுத்தி நடந்து அடி எண்ணுறோம், எத்தனை மாடி, எத்தனை குழாய், தலைக்கு மேல மரம் இருக்கா, ஏணி நிக்க இடம் கெட்டியா, சரிவா, அள்ளுற அழுக்கை அங்கேயே போட இடம் இருக்கா இல்லை நாமதான் சுமக்கணுமா, எல்லாம் பார்த்துட்டுத்தான் வாயைத் திறக்குறது. ரெண்டு வருஷத்துக்கு மேல கை வைக்காத தகரம்னா அதுக்குத் தனி. போன்ல எவ்வளவு ஆகும்னு கேட்டா, பார்க்காம சொல்ல மாட்டோம், வந்து பார்க்கிறதுக்குக் காசு இல்லைன்னு சொல்றேன். வேலைக்கு முன்னாடி ஒரு போட்டோ, முடிஞ்சு ஒரு போட்டோ, போன்ல எடுத்துக் காட்டுறேன். இலையைத்தானே அள்ளுறீங்கன்னு கேட்கிறவங்க அந்த முதல் போட்டோவைப் பார்த்ததும் அடுத்த கேள்வி கேட்கிறதில்லை.

பத்துல மூணு பேர் விலையைக் கேட்டுட்டுப் போயிடுறாங்க. போகட்டும். முன்னாடி ஒரு நாளைக்கு நாலு வீடு ஓடி இடுப்பொடிஞ்சு வருவோம், இப்போ ரெண்டு வீடு, நிதானமா பண்றோம், கையில நிக்கிறது முன்னைவிடக் கொஞ்சம் கூடத்தான். மூணு மாடிக் கட்டடம் ஒண்ணு வந்துச்சு, நல்ல காசு. அது எங்க ஏணிக்கு மீறினது, சாரம் கட்டுறவங்களைக் கூப்பிடுங்கன்னு சொல்லி நானே திருப்பி அனுப்பிட்டேன். அதனால அம்மா பேராசையில ஏறுறாங்கன்னு நினைக்காதே. காத்து அடிச்சா ஏறுறதில்லை, ஈரக் கூரை மேல கால் வைக்கிறதே இல்லை. ரப்பர் அடி வச்ச ஷூ வாங்கியிருக்கேன், உன் தங்கச்சி அதைப் பார்த்து சிரிச்சா சிரிச்சா அப்படிச் சிரிச்சா, மாப்பிள்ளை எழுந்து உள்ள போயிட்டார்.

இப்போ நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன். போன வியாழக்கிழமை மருந்துக்கடைக்காரர் வீட்டுக்குப் போனோம். அவரை உனக்குத் தெரியும், மாத்திரைக்கே மீதிச் சில்லறையை ரெண்டு தடவை எண்ணுவார். இப்போல்லாம் வீட்டைச் சுத்திப் பார்க்கிறது ரெண்டு பேரும், விலை சொல்றது நான்னு ஒரு ஏற்பாடு. அன்னைக்கு நான் பின்பக்கம் தரையைப் பார்த்துக்கிட்டிருந்தேன், அங்க கண்ணாடிக் கூரை போட்டு ஒரு அறை கட்டியிருக்கார், அதைத் தாண்டித்தான் ஏணி வைக்கணும். அதுக்குள்ள அவர் அப்பாகிட்ட விலை கேட்டுட்டார். நான் சுவர் ஓரமா வரும்போது அப்பா முந்நூத்தி அறுபதுன்னு சொல்றது கேட்டுச்சு. நான் மனசுல வச்சிருந்ததைவிட முப்பது கூட. சரி, இப்போ அவர் முகத்தைச் சுளிப்பார், அப்பா இறங்கி வந்துருவார்னு நான் காலை எட்டி வச்சேன். மருந்துக்கடைக்காரர், போன வருஷம் இதுல பாதிகூட வாங்கலையே, ஒரே வருஷத்துல என்ன தங்கமா காய்ச்சுதுன்னு கேட்டார். அப்பா கையைப் பிசையலை, தலையைச் சொறியலை. போன வருஷம் ஏறினது நான், இந்த வருஷம் ஏறுறது என் வீட்டுக்காரி, இதுல ஒரு காசு குறையாதுன்னார்.

நான் அந்தச் சுவத்துலயே சாஞ்சு நின்னுட்டேன். நாலு வருஷம் தன் உயிருக்கு நூத்தைம்பதுன்னு விலை சொல்லிக்கிட்டிருந்த மனுஷன் தம்பி அவர். கடைக்காரர் என்னைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார், போய் ஏணி உள்ள வர்றதுக்குக் கேட்டை அகலமாத் திறந்துவிட்டார். நான் ஏறும்போது அப்பா கீழ ஏணியைப் பிடிச்சிருந்த பிடியில அவர் கை நரம்பெல்லாம் புடைச்சுக்கிட்டு இருந்துச்சு.

இதுக்கு மேல என்ன எழுத. உன் ஷூ நனைஞ்சா அதையே மாட்டிக்கிட்டு ஆபீஸ் போகாதே, மருமகளை வேலை வேலைன்னு ராத்திரிச் சாப்பாட்டை விட விடாதே. எங்களை ஏணியைத் தூக்கிப் போடச் சொல்லிப் பணம் அனுப்புறதா இருந்தா அனுப்பாதே, அந்தப் பணத்துல ரெண்டு பேரும் ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போங்க. அப்பாகிட்ட போன்ல பேசும்போது அந்த மரத்தடிச் சமாச்சாரத்தை நீயா எடுக்காதே, அவரா சொன்னா கேட்டுக்கோ. அதுக்குப் பதிலா, மருந்துக்கடைக்காரர்கிட்ட எவ்வளவு வாங்கினீங்கன்னு கேளு, எத்தனை தடவை சொன்னாலும் முதல் தடவை கேட்கிற மாதிரி கேளு.

நீயும் மருமகளும் நீண்ட ஆயுசோட, ஒருத்தருக்கொருத்தர் பிடிமானமா நல்லா இருங்க.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா