சைபர் போட்ட வீடு

அக்டோபர் 14, திங்கள்

தம்பி அஜித்துக்கு நாலாவது நாளாகக் காய்ச்சல். டெங்குவாம். ஆஸ்பத்திரியில் எங்கள் தெருப் பிள்ளைகள் மட்டும் மூன்று பேர். "பேசாம வார்டுக்கு எங்க தெருப் பேரை வச்சிருங்க சிஸ்டர்" என்றேன். நர்ஸ் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

அம்மாவுக்குக் கொசு ஒழிப்பு வேலை. வீடு வீடாகத் தொட்டி, குடம், டயர் பார்த்து, புழு இருந்தால் மருந்து ஊற்றி, வாசலில் ஒட்டிய அட்டையில் எத்தனையில் புழு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவள் பிள்ளையையே கடித்திருக்கிறது. என்ன திமிர் அந்தக் கொசுவுக்கு!

அக்டோபர் 16, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். எதிரே பூட்டிக் கிடக்கும் செட்டியார் வீடு. பந்து எடுக்கிற சாக்கில் கொல்லைச் சுவர் ஏறிக் குதித்தேன். இரண்டாம் கட்டு முற்றத்தில் ஏழு கல்தொட்டி. ஏழிலும் மழைத் தண்ணீர் — தண்ணீரா அது? புழுவுக்கு நடுவே கொஞ்சம் ஈரம். போனில் வீடியோ எடுத்தேன்.

வீடு பதினொரு பங்காளிகளுக்குச் சொந்தம். சாவி ஒருவரிடம், சம்மதம் பதினொருவரிடம். பாதிப் பேர் கடல் தாண்டி. கொசுவுக்கு மட்டும் யார் சம்மதமும் வேண்டாம்.

அக்டோபர் 17, வியாழன்

எரியுது எனக்கு. அம்மாவின் மேற்பார்வையாளர் முத்தரசு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அஜித்தைப் பார்க்க இல்லை.

"காளீஸ்வரி, சிவகங்கைல மாவட்டக் கூட்டத்துல நம்ம வார்டுதான் முன்மாதிரின்னுட்டாக. ஒத்தப் புழு இல்லையில்ல! திங்கக்கெழம மத்த ஊர்க்காரவுக பாத்துப் படிச்சுட்டுப் போக வாராக."

"முன்மாதிரியா சார்? எல்லாம் முன்ன மாதிரியேதான இருக்கு" என்றேன். அம்மா தொடையில் கிள்ளினாள். கிள்ளட்டும். கட்டிலில் பிள்ளை கிடக்கும்போது இந்த மனுசனுக்குப் பல்லைக் காட்ட எப்படி முடிகிறது? திங்கட்கிழமை காட்டுகிறேன்.

அக்டோபர் 21, திங்கள்

எட்டுப் பேர் வந்தார்கள். எங்கள் தெருவில் பந்தல், நாற்காலி, நன்னாரி சர்பத். தட்டோடு தட்டாக நான் ஒரு கண்ணாடிப் பாட்டிலையும் வைத்தேன். மூடியை இறுக்கித் திருகியிருந்தேன். கோபம் வேறு, கொலை வேறு.

நாட்டரசன்கோட்டையிலிருந்து வந்த மீனம்மாள் அக்காதான் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அவரும் கொசு ஒழிப்புதான். "ஏம்மா, ஒங்க ஊருல சப்ஜா விதை நீந்துமா?"

அந்தத் தொட்டித் தண்ணீர்தான் என்று எதிர்வீட்டைக் காட்டினேன். முத்தரசு முகம் செத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். ஒரு நிமிஷம்கூட இல்லை. "அந்த வாசல் அட்டையப் பாருங்க சார். கையெழுத்து யாரோடது? இவ ஆத்தாளோடது!"

தினமும் தாண்டிப் போகிற அட்டை. ஒருநாளும் படித்ததில்லை. ஒன்பது வாரம், ஒன்பது சைபர். பக்கத்தில் கோழி கிளறியது போல ஒரு 'கா'. அம்மாவேதான்.

சாயங்காலம்

"பூட்டுன்னுதான்டி எழுதுனேன். பூட்டுன்னு போட்டா கணக்குல நம்ம வார்டு பின்னால போயிருமாம். தொறந்து பாக்காத வீட்டுல புழு இருக்குன்னு ஒனக்கு எப்படித் தெரியும், சைபர்னு போடுன்னாரு முத்தரசு சார்."

"போட்டுட்டியா? அஜித் அங்க கெடக்கான்!"

"எனக்குத் தெரியாதாடி அது?"

சாப்பிடவில்லை. யாரைத் திட்ட? நான் எறிந்த கல் யார் மண்டையில் விழுந்திருக்கிறது?

அக்டோபர் 22

அம்மாவை வேலைக்கு வர வேண்டாம் என்றாராம் முத்தரசு. அவர் நாற்காலி ஆடவில்லை.

அக்டோபர் 24, வியாழன்

மீனம்மாள் அக்கா போன் பண்ணினார். "எங்க ஊருலயும் பூட்டுன வீடுதான் ஆத்தா. பூட்டுன்னே எழுதித் தனி லிஸ்ட் போட்டுருவோம். ஒவ்வொரு வீட்டுப் பங்காளிகளையும் ஒரு வாட்ஸ்அப் குரூப்புல சேத்துருவோம். வாரம் ஒரு நா தொறந்து, பாக்குறத வீடியோ எடுத்துப் போட்டுட்டுப் பூட்டிருவோம். ஒரு சாமான் போகலன்னு அவுகளுக்கும் நிம்மதி. ஒங்க ஊருல என்ன படிச்சீகன்னு எங்கள எழுதித் தரச் சொன்னாக. பாட்டில்ல இருந்தத அப்படியே எழுதிட்டேன்."

இது அல்லவா பார்த்துப் படிக்க வேண்டிய ஊர்! பந்தல் இங்கே எதற்குப் போட்டார்கள்?

அம்மா ஒரு தாள் கேட்டாள். ஒன்பது சைபரும் தான் போட்டதுதான், போடச் சொன்னது யார் என்று எழுதி, சிவகங்கைக்கு பஸ் ஏறிப் போய் மாவட்ட ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தாள். நான் கூடப் போனேன்.

நவம்பர் 5, செவ்வாய்

அஜித் வீட்டுக்கு வந்துவிட்டான். தேவாங்கு போல இருக்கிறான், சொன்னால் அழுகிறான்.

பங்காளிகளை ஒவ்வொருவராகத் தேடி குரூப்பில் சேர்த்து, புழு வீடியோவைப் போட்டேன். பினாங்கிலிருந்து மெய்யநாதன் என்பவர்: "சுவரேறிக் குதித்தது யார்?" அடுத்த செய்தி: "சாவியைக் கொடுக்கச் சொல்லிவிட்டேன்."

நவம்பர் 14, வியாழன்

அம்மாவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். முத்தரசுவை வேறு வார்டுக்கு மாற்றினார்களாம். அந்த வார்டு என்ன பாவம் செய்தது? கோபம் தீரவில்லை எனக்கு.

எதிர்வீடு திறந்தது. அம்மா தொட்டி தொட்டியாகக் குனிந்து பார்த்து மருந்து ஊற்றினாள். நான் வீடியோ எடுத்தேன். இந்த வாரக் கணக்கில் எங்கள் வார்டுதான் கடைசி.

வாசலுக்கு வந்து அட்டையில் பேனாவை அழுத்தி எழுதினாள்: 'தொட்டி 7. புழு 7.' பக்கத்தில் கையெழுத்து. 'கா' இல்லை. காளீஸ்வரி என்று முழுசாக.