நீ அடித்தது, சர்வரில் இல்லாதது

இன்று காலை என் திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. "இந்தப் பதிவை இன்னொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார். சற்றுப் பொறுத்து முயலவும்." பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "சே, யாரு மேடம் அது, வுடவே மாட்றாங்க" என்று சலித்துக்கொண்டார். எனக்கோ வாயெல்லாம் பல். அவருக்கு எங்கே தெரியப்போகிறது, அந்த ஒரு வரிக்காக நாம் இரண்டு பேரும் ஒரு காலத்தில் குதித்த குதியை!

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்ல இன்றைக்குத்தான் சரியான தெம்பு வந்திருக்கிறது.

திருவொற்றியூரில், கப்பல் சரக்குப் பெட்டிகளை அடுக்கி வைக்கிற அந்தக் கன்டெய்னர் யார்டு. இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். நீ வியாசர்பாடியிலிருந்து வருவாய், நான் ராயபுரத்திலிருந்து. டைப்ரைட்டிங் ஹையர் முடித்திருந்த நீ கேட் அறையில் உட்கார்ந்து, உள்ளே வரும் ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும் அது வைக்கப்படும் இடத்தையும் கணினியில் அடிப்பாய். டிப்ளமோ படித்த நான் "சிஸ்டம் மேடம்". சர்வர் அறையில் ஏசிக்குக் கீழே சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நமக்கு ஒரே வயசு. மதியம் உன் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு என் தயிர்சாதத்துக்கு வந்துவிடும். "ஏசி ரூமுல துண்ணா நாறும்டி, கேட்டாண்ட வா" என்று நீ கூப்பிட்டும் நான் ஒருநாளும் கேட் அறைக்கு வந்து சாப்பிட்டதில்லை. அங்கே புழுதி. நீதான் எப்போதும் என்னிடம் வருவாய்.

யார்டின் பட்டியல் ஒன்றே ஒன்று. அது என் சர்வரில் இருக்கும். கேட்டில் நீ, டெலிவரி ஜன்னலில் சேகர் அண்ணன், இன்னும் இரண்டு அறைகளில் இரண்டு பேர் என்று நாலு கணினிகள் அந்த ஒரே பட்டியலைத் திறந்து பார்ப்பதும் எழுதுவதுமாக இருக்கும். அதற்கு முன்னால் நாலு அறையில் நாலு நோட்டு. எந்தப் பெட்டி எங்கே என்று தேடுவதிலேயே பாதி நாள் போகும். அதை ஒழித்து எல்லாரையும் ஒரே பட்டியலில் கொண்டுவந்தது நான் என்று எனக்கு ஏகப்பட்ட கர்வம். "சர்வர் சொன்னா அதான்" என்று மேனேஜர் சொல்லும்போது என்னையே புகழ்கிற மாதிரி இருக்கும்.

அந்தப் புதன்கிழமை உனக்கு எப்படியும் மறந்திருக்காது. முந்தின நாள், மரச்சாமான் ஏற்றிய ஒரு பெட்டிக்குள் பூச்சி சாக நச்சுப் புகை விட்டுக் கதவை மூடியிருந்தார்கள். கெடு முடிந்து, திறந்து காற்றோட விடும்வரை யாரும் பக்கத்தில் போகக் கூடாது. அந்தச் சீட்டு புதன் காலையில்தான் உன்னிடம் வந்தது. பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே "புகை, திறக்காதே" என்று நீ அடித்தாய். பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த மண்டையோட்டுச் சீட்டு விடிகாலை மழையில் உரிந்து எங்கேயோ போய்விட்டது.

காலை பதினொரு மணிக்குச் சேகர் அண்ணன் பட்டியலைத் திறந்து பார்த்தார். அந்த எண்ணுக்கு எதிரே ஒன்றும் இல்லை. டெலிவரி சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். மேஸ்திரி ஆறு ஆட்களோடு பெட்டியைத் திறக்கப் புறப்பட்டார்.

கேட் ஜன்னல் வழியாக நீ அவர்களைப் பார்த்தாய். எந்த வரிசைக்குப் போகிறார்கள் என்று பார்த்ததுமே உனக்குப் புரிந்துவிட்டது. எண்களை எல்லாம் மனப்பாடமாக வைத்திருப்பவள் நீ! செருப்பைக்கூட மாட்டாமல், சுடுகிற தரையில், இரண்டு லாரிகளுக்கு நடுவே புகுந்து ஓடினாய். நான் சத்தம் கேட்டு வெளியே வந்தபோது உன் குரல் யார்டு முழுக்கக் கேட்டது. "மேஸ்திரீ! கதவத் தொடாதே! வுடு! வுடுய்யா அத! உள்ள வெசம் கீது!"

கதவின் பூட்டுக் கம்பிகளில் ஒன்றைத் தூக்கிவிட்டிருந்தார்கள். இன்னொரு கம்பிதான் பாக்கி. ஆறு பேரும் அப்படியே கைவிட்டுப் பின்னால் ஓடிவந்தார்கள். அதில் ஒருத்தர் தரையில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டு அழுதுவிட்டார்.

அரை மணி நேரத்தில் மேனேஜர் அறையில் விசாரணை.

"நான் அடிச்சேன் சார். என் கண்ணால பாத்தேன், ஸ்கிரீன்ல இருந்துச்சு" என்றாய் நீ.

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் சர்வரில் ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்திருந்தேன். "சர்வர்ல இல்ல சார். அடிச்சிருந்தா இருக்கும்."

இவ்வளவுதான் சொன்னேன். ஆறு உயிரைக் காப்பாற்றிவிட்டு, வெந்த பாதத்தோடு ஒற்றைக் காலில் மாறி மாறி நின்றுகொண்டிருந்த உன்னைப் பார்த்து, இதைத்தான் சொன்னேன். சனிக்கிழமையோடு கணக்கு முடித்துக்கொள் என்று மேனேஜர் உன்னிடம் சொல்லிவிட்டார். நீ தற்காலிக வேலைக்காரி. ஒரு கடிதம்கூடத் தேவைப்படவில்லை.

வெளியே வந்ததும் நீ என் கையைப் பிடித்தாய். கோபமாகக்கூட இல்லை. "சர்வரப் போய்ப் பாத்தே. நான் எப்டி அடிக்கிறேன்னு ஒரு தபா வந்து பாத்தியாடி?" என்றாய். நான் கையை உருவிக்கொண்டு சர்வர் அறைக்குப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை நீ வரமாட்டாய் என்று நினைத்தேன். வந்தாய், காலில் துணி சுற்றிக்கொண்டு. கையில் ஒரு பழைய அட்டைப் பேப்பரும் பென்சிலும். நாள் முழுக்க எதையோ குறித்துக்கொண்டே இருந்தாய். சாயங்காலம் நாலு மணிக்குச் சர்வர் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாய்.

"யேய், வாடி கேட்டாண்ட! ஒண்ணு காட்றேன்!"

உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து, சால்வையை உதறிவிட்டு உன் பின்னால் ஓடிவந்தேன். முதல் தடவையாக உன் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மேசைக்கு அடியில், நெட்வொர்க் கம்பிகள் வந்து சேரும் ஹப் என்கிற அந்தச் சின்னப் பெட்டியைக் காட்டினாய். அதில் சர்வருக்குப் போகிற கம்பிக்கு ஒரு பச்சை விளக்கு.

"இப்ப பாரு. மஸ்தான் பாய் வெல்டிங் பத்த வெப்பாரு."

கேட் அறைக்குப் பின்னால் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கொட்டகை. அங்கே மஸ்தான் பாய் முகமூடியை இறக்கினார். நீலமாக ஒளி வெட்டியது. அதே நொடி, மேசைக்கு அடியில் பச்சை விளக்கு அணைந்தது! ஒளி நின்றதும் விளக்கு திரும்ப வந்தது.

"காத்தாலேர்ந்து பதினேழு தபா. பதினேழு தபாவும் பாயி பத்த வெக்கும்போதுதான். புதன்கெழம காத்தாலயும் பாயி வேல செஞ்சிகினு இருந்தாரு, கேட்டுட்டேன்."

அந்தக் கம்பியை இழுத்தது நான்தான். ஒரே இழுப்பில், அளவுக்கு மீறிய நீளத்துக்கு, வெல்டிங் மின்கம்பிகளுக்குப் பக்கத்திலேயே.

அதோடு இன்னொன்றும் அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. ஒரே ஒரு கணினி மட்டும் பட்டியலைத் திறந்திருந்தால் சர்வர் அதற்கு ஒரு சலுகை தரும். "ஒவ்வொரு எழுத்துக்கும் என்னிடம் ஓடிவராதே. உன்னிடமே வைத்துக்கொள். வேறு யாராவது திறந்தால் சொல்கிறேன், அப்போது கொடு" என்று. எல்லாம் வேகத்துக்காக. ஆனால் சர்வர் கேட்கிற நேரம் பார்த்துக் கம்பி செத்துக் கிடந்தால்? அந்தக் கேள்வி உன் கணினிக்கு வந்தே சேராது. சர்வர் கொஞ்ச நேரம் பார்க்கும், கேட் கணினி போய்விட்டது என்று முடிவுகட்டும், தன்னிடம் இருக்கும் பழைய பட்டியலை எடுத்துச் சேகர் அண்ணனுக்குக் கொடுத்துவிடும். கம்பிக்கு உயிர் வந்த பிறகும் நீ அடித்தது உன் கணினிக்குள்ளேயே கிடக்கும். உன் திரையில் இருக்கும், சர்வரில் இருக்காது. நீ சொன்னதும் உண்மை, நான் பார்த்ததும் உண்மை!

இதை நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்ததும் நீ கேட்டாய்: "அப்போ அத செஞ்சே காட்ட முடியுமா?"

வெள்ளிக்கிழமை காலை. மற்றக் கணினிகளில் பட்டியலை மூடச் சொல்லிவிட்டு, மேனேஜரை உன் நாற்காலிக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினோம். டெலிவரி ஜன்னலில் சேகர் அண்ணன் கையை மேலே தூக்கிக்கொண்டு தயாராக இருந்தார். கொட்டகையில் மஸ்தான் பாய். அந்த ஆறு பேரும் மேஸ்திரியும் வெளியே கூடிவிட்டார்கள், கிரிக்கெட் மேட்ச் பார்க்க வந்த மாதிரி.

பட்டியலில் ஒரு காலி எண்ணுக்கு எதிரே "புகை" என்று அடித்தாய். "பாத்துக்கங்க சார், கீதா?" மேனேஜர் தலையாட்டினார்.

"பாய்! பத்த வைய்யி!"

நீல ஒளி. பச்சை விளக்கு அணைந்தது.

"சேகரண்ணா! தொறங்க!"

சேகர் அண்ணன் திறந்தார். ஒரு நிமிஷம்போல எதுவும் ஆகவில்லை. நான் என் துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஜன்னலுக்கு அந்தப்பக்கமிருந்து அவர் குரல்: "என்னாண்ட ஒண்ணுமே இல்ல சார்! காலியா கீது!"

மேனேஜர் உன் திரையைப் பார்த்தார். "புகை" என்று பளிச்சென்று இருந்தது. நடந்தே போய்ச் சேகர் அண்ணன் திரையைப் பார்த்தார். காலி. திரும்பி வந்தார். "இன்னொரு தடவை" என்றார். இன்னொரு தடவை செய்தோம். நாலு தடவையில் மூன்று தடவை மறைந்தது! வெளியே மேஸ்திரி விசில் அடித்தார். நீ ஸ்டூலின் மேல் ஏறி நின்றாய்.

நான் மேனேஜரிடம் சொன்னேன்: "கம்பி இழுத்தது நான் சார். செட் பண்ணதும் நான். இவ அடிக்கலன்னு சொன்னதும் நான்தான்." உன் கை என் முதுகில் வந்து விழுந்தது, பலமாக.

சனிக்கிழமைக் கெடுவை மேனேஜர் அங்கேயே ரத்து செய்தார். அடுத்த வாரம் முழுக்க நாம் இரண்டு பேரும் செய்த வேலை! கம்பியைக் கொட்டகைப் பக்கமிருந்து எடுத்து, மதிலோரமாகக் குழாய்க்குள் விட்டு, நடுவில் ஒரு ஹப் வைத்தோம். சர்வரின் அந்தச் சலுகையை இந்தப் பட்டியலுக்கு மட்டும் நிறுத்தினேன். அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் நேராகச் சர்வருக்கே போக வேண்டும். எழுதுவதற்கு முன்னால் அந்த வரியைப் பூட்ட வேண்டும், புதிதாக ஒரு தடவை படிக்க வேண்டும், எழுதி முடித்த பிறகுதான் திறக்க வேண்டும். பூட்டியிருக்கும்போது இன்னொருவர் வந்தால் என்ன சொல்வது? "சும்மா தொரத்தாதே. இன்னொருத்தர் எழுதினு கீறாங்க, கொஞ்சம் பொறுன்னு மரியாதயா சொல்லு" என்றாய். அந்த வாசகம் நீ சொன்னது. நான் அதை எழுத்துத் தமிழாக்கினேன், அவ்வளவுதான்.

நாலு அறையிலும் நாலு பேரை உட்கார வைத்து, ஒரே வரியில் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுத வேண்டும் என்று சோதித்தோம். நடு யார்டில் நின்று நீ கத்தினாய்: "ஒண்ணு! ரெண்டு! மூணே!" உன் அறைக்கு ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு ஜன்னலில் தலையை நீட்டி, "வந்துச்சுடீ! பொறுக்கச் சொல்லுது!" என்று நீ கூவியபோது, நான் சர்வர் அறைப் படியிலிருந்து குதித்துக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டேன். ஒருவர் எழுதியிருந்தார், மூன்று பேர் காத்திருந்தார்கள், எதுவும் மறையவில்லை. மஸ்தான் பாய் அன்றைக்கு எல்லாருக்கும் சமோசா வாங்கித் தந்தார், அவர் வெல்டிங்கும் இந்தக் கதையில் கதாநாயகன் என்று.

உன்னை நிரந்தரமாக்கினார்கள். ஆறு மாதத்தில் சர்வர் அறைக்கே மாற்றினார்கள். அதற்குப் பிறகு எத்தனை வருஷம், எத்தனை யார்டு! மணலி புதுநகரில், எர்ணாவூரில் என்று நாம் போய்க் கம்பி இழுக்காத இடம் இல்லை.

கடைசியாக உன்னை உன் வீட்டில் பார்த்தபோது நீ பாதியாகியிருந்தாய். உன் மகள் தலையணையைச் சரிசெய்தாள். காட்டுப்பள்ளிப் பக்கம் புது யார்டு, நாற்பது பேர் ஒரே பட்டியலில் எழுதுகிறார்கள் என்று நான் சொன்னதும் உன் கண் விரிந்தது. "நாப்பதா! ஒரே நேரத்துலயா? என்னைத் தூக்கி உக்கார வையி, முழுசா சொல்லு." ஒரு மணி நேரம் சொன்னேன். நடுநடுவே நீ கேள்வி கேட்டு என்னை மடக்கினாய். இரண்டு கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் அலுவலகத்தில் போய் அவற்றைச் சரிசெய்தோம். அதற்குள் நீ கண்ணை மூடிவிட்டாய், உன்னிடம் அதைச் சொல்லத்தான் முடியாமல் போயிற்று. பாக்கி என்றேனே, அது இதுதான். இரண்டும் சரியாகிவிட்டது. இரண்டுமே நிஜமான ஓட்டைகள்.

போன மாதம் காட்டுப்பள்ளியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அடித்த பதிவு காணவில்லையாம். சர்வர் குறிப்புகளைப் பார்த்த என் ஆட்கள், "அவங்க அடிக்கவே இல்ல மேடம்" என்றார்கள். நான் வண்டி எடுத்துக்கொண்டு போனேன். புழுதியில், அவள் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, "நீ எப்பவும் அடிக்கிற மாதிரி அடிம்மா, நான் பாக்கறேன்" என்றேன். இரண்டு மணி நேரம் பார்த்தேன். அந்தத் தடவை தப்பு அவளுடையதுதான், ஒரு எண்ணை மாற்றி அடித்திருந்தாள். அவளே அதைக் கண்டுபிடித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.